அறிவியல் புனைவுத் தொடர்களுக்கு ரேங்க் போடுவது எப்படி: முதல் பட்டியல் போடுகிறவர்களுக்கு

என் முதல் பட்டியலை ஒரே ராத்திரியில் போட்டு முடித்தேன். எக்செல்லில் இருபது தொடர்களின் பெயர், பக்கத்துக் கட்டத்தில் பத்துக்கு இத்தனை என்று ஒரு மார்க், பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கச் சொன்னால் ரேங்க் ரெடி. மறுநாள் வீட்டுக்கு வந்த சித்தி மகன் அதைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "ஃபயர்ஃப்ளைக்கு ஒன்பதரை, ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷனுக்கு எட்டுக்கும் கீழே. பதினாலு எபிசோடு எடுத்தவனும் நூத்தி எழுபத்தெட்டு எபிசோடு எடுத்தவனும் ஒரே பரீட்சையாண்ணா எழுதினாங்க?" என்னிடம் பதில் இல்லை.

சினிமாவுக்கு ரேங்க் போடுவதில் இந்தத் தலைவலி கிடையாது. படம் என்றால் இரண்டரை மணி நேரம், ஒரு இயக்குநர், ஒரு முடிவு. தொடரில் நடுவில் எழுதுகிறவர்கள் மாறுவார்கள், நாயகன் மாறுவான், சேனல்காரர்கள் பட்ஜெட்டை வெட்டுவார்கள், எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்வார்கள், ஏழு வருஷம் ஓடினால் அந்த ஒரே பெயருக்குள் நாலு விதமான தொடர் இருக்கும். அறிவியல் புனைவில் இது இன்னும் மோசம். செட்டுக்கும் கிராபிக்ஸுக்கும் காசு இறைக்க வேண்டியிருப்பதால் பார்க்கிறவர்கள் கொஞ்சம் குறைந்தாலும் கதையைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். மார்க் போடுவதற்கு ஐந்து நிமிடம் போதும். இந்த மேடு பள்ளத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கத்தான் நேரம் ஆகும். நான் தப்புத் தப்பாகப் போட்டுப் பழகிய முறையைக் கீழே எழுதியிருக்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேலி

எது உள்ளே, எது வெளியே என்பதைப் பட்டியலுக்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் பிடித்த தொடர் வரும்போது வேலியைத் தள்ளிப் போடுவோம், பிடிக்காதது வரும்போது இழுத்துப் போடுவோம். என் சோதனை இது: கதையிலிருந்து அந்த அறிவியல் யோசனையைப் பிடுங்கினால் கதை விழுகிறதா, நிற்கிறதா? செவரன்ஸில் ஆபீஸ் நினைவையும் வீட்டு நினைவையும் தனித்தனியாகப் பிரிக்கும் அந்த அறுவை சிகிச்சையை எடுத்துவிட்டால் ஒன்றுமே மிஞ்சாது, ஆகவே உள்ளே. ஆண்டோரில் விண்கலங்களை எடுத்துவிட்டுக் குதிரையும் கப்பலும் வைத்தாலும் அடக்குமுறைக்கு எதிரான அந்தக் கதை அப்படியே நிற்கும். நியாயமாகப் பார்த்தால் அது வெளியே போக வேண்டும். நான் உள்ளேதான் வைத்திருக்கிறேன். விதி நான் போட்டது, விதிவிலக்கும் நான் போட்டதுதான், ஆனால் அதைப் பட்டியலின் தலையிலேயே எழுதி வைத்திருக்கிறேன், யாரும் வந்து கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

அடுத்து, எதை ஒரு பெயராக எண்ணுவது. ஸ்டார் ட்ரெக் என்று ஒரு வரி போடக் கூடாது. 1966இல் தொடங்கி மூன்றே சீசனில், 79 எபிசோடில் முடிந்த பழைய தொடர் வேறு. 1987 முதல் 1994 வரை ஓடிய நெக்ஸ்ட் ஜெனரேஷன் வேறு. ஒரு விண்வெளி நிலையத்திலேயே உட்கார்ந்து போரையும் மதத்தையும் பேசிய டீப் ஸ்பேஸ் நைன் முற்றிலும் வேறு. பேட்டில்ஸ்டார் கேலக்டிகாவிலும் 1978இல் வந்தது ஒன்று, 2003இல் குறுந்தொடராகத் தொடங்கி 2009 வரை போனது இன்னொன்று. டாக்டர் ஹூவை நான் இரண்டாக வெட்டுவேன்: 1963 முதல் 1989 வரை ஒன்று, 2005இலிருந்து இன்னொன்று. முதல் துண்டில் ஒரு சங்கடம் உண்டு. அறுபதுகளின் பல எபிசோடுகளை இன்று யாராலும் பார்க்க முடியாது, டேப்பைத் திரும்பப் பயன்படுத்த பிபிசியே அழித்துவிட்டது. பார்க்க முடியாததற்கு எப்படி மார்க் போடுவது? போடாதீர்கள். இருப்பதை வைத்துப் போட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வையுங்கள்.

மூன்றாவது வேலிதான் எனக்கு ரொம்ப லேட்டாகப் புரிந்தது: முடியாத தொடருக்கு ரேங்க் கிடையாது. 2016இல் வெஸ்ட்வேர்ல்டின் முதல் சீசன் முடிந்த கையோடு அதை நாலாவது இடத்தில் ஏற்றினேன். அப்புறம் இரண்டாவது சீசன் வந்தது, மூன்றாவது வந்தது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு படி இறக்கினேன், 2022இல் நாலாவது சீசனோடு கதையே முடியாமல் நிறுத்தப்பட்டபோது பட்டியலின் அடிவாரத்தில் கிடந்தது. அந்த முதல் சீசன் மட்டும் இன்றைக்கும் அருமைதான். இப்போது ஓடிக்கொண்டிருப்பவற்றுக்குத் தனியாக ஒரு காத்திருப்புப் பட்டியல் வைத்திருக்கிறேன். செவரன்ஸ் அதில்தான் இருக்கிறது. முதல் சீசன் 2022இல், இரண்டாவது 2025இல், இந்த வேகத்தில் போனால் அது அங்கேயே கிடக்கட்டும்.

எவ்வளவு பார்க்க வேண்டும், எங்கிருந்து பார்க்க வேண்டும்

புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, எதையும் முதல் சீசன் முதல் எபிசோடிலிருந்து தொடங்குவது. கணக்கைப் பாருங்கள். நெக்ஸ்ட் ஜெனரேஷன் 178 எபிசோடு, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் என்று வைத்தால் 133 மணி நேரத்துக்கு மேல். தினம் ராத்திரி ஒன்று என்று பார்த்தால் ஆறு மாசம். அதன் முதல் சீசன் பல இடங்களில் தாங்காது. இரண்டாவது சீசன் 1988 எழுத்தாளர் வேலைநிறுத்தத்தில் மாட்டிச் சுருங்கியது, கடைசி எபிசோடைக் காசு பற்றாமல் பழைய காட்சிகளை வெட்டி ஒட்டி ஒப்பேற்றினார்கள். அங்கிருந்து தொடங்கியவர்களில் பாதிப் பேர் இருபதாவது எபிசோடுக்குள் ஓடிவிடுகிறார்கள்.

எனவே நான் சொல்லும் வழி: இரண்டாவது சீசனிலிருந்து ஒரே ஒரு எபிசோடை மட்டும் எடுங்கள், "தி மெஷர் ஆஃப் எ மேன்". டேட்டா என்ற மனித வடிவ இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு விஞ்ஞானி கேட்கிறான், டேட்டா மறுக்கிறான், அவன் ஒரு நபரா இல்லை கப்பற்படையின் சொத்தா என்று விசாரணை. டேட்டா வெறும் இயந்திரம்தான் என்று வாதாட வேண்டிய பொறுப்பு அவனுடைய நண்பன் ரைக்கர் தலையில் விழுகிறது. சரியாக வாதாடவில்லை என்றால் விசாரணையே செல்லாது, டேட்டா தோற்றதாகிவிடும். ரைக்கர் எழுந்து வந்து டேட்டாவின் கையைக் கழற்றி மேஜையில் வைக்கிறான். பிறகு முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய் ஸ்விட்சை அணைக்கிறான், டேட்டா அப்படியே மேஜை மேல் சாய்கிறான். தன் வாதம் ஜெயித்துக்கொண்டிருப்பது தெரிந்து ரைக்கர் முகம் சுருங்கித் திரும்பி நடக்கும் பாருங்கள், அதற்காகவே இதைச் சொல்கிறேன். ஒரு கோர்ட் ரூம், நாலு நடிகர்கள், கிராபிக்ஸ் என்று சொல்ல எதுவும் இல்லை. இது பிடித்திருந்தால் மூன்றாவது சீசனுக்குப் போங்கள், பிடிக்கவில்லை என்றால் இந்தத் தொடர் உங்களுக்கானது இல்லை, 133 மணி நேரம் மிச்சம்.

எக்ஸ்-ஃபைல்ஸுக்கு வேறு வழி. அதற்குள் இரண்டு தொடர் ஓடுகிறது: வாரம் ஒரு விநோத ஜந்து வரும் தனிக் கதைகள் ஒரு பக்கம், அரசு மறைக்கும் வேற்றுக்கிரகவாசிகள் பற்றிய நெடுங்கதை இன்னொரு பக்கம். 1993இல் தொடங்கியபோது நெடுங்கதைதான் ஊரையே பேசவைத்தது, இன்றைக்குப் பார்த்தால் எங்கே போகிறோம் என்று தெரியாமலே வளர்த்திருக்கிறார்கள் என்பது அப்பட்டமாகத் தெரிகிறது. தனிக் கதைகள்தான் கெடாமல் இருக்கின்றன. அவற்றுக்கு மட்டும் மார்க் போட்டால் ரேங்க் எகிறும், இரண்டையும் சேர்த்தால் இறங்கும். நான் சேர்த்துத்தான் போடுகிறேன்.

பாபிலோன் 5க்குப் பொறுமை வேண்டும். முதல் சீசன் நாடக மேடை மாதிரி இருக்கும், நாயகனும் அந்த சீசனோடு மாறிவிடுவார், ஆனால் அங்கே அலட்சியமாகச் சொல்லப்படும் ஒரு வரி மூன்றாவது சீசனில் வந்து கழுத்தைப் பிடிக்கும். ஐந்து வருஷக் கதையை முன்கூட்டியே திட்டமிட்டு எடுத்த தொடர் அது. 110 எபிசோடில் 92ஐ ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி ஒருவரே எழுதினார். (வேடிக்கை என்னவென்றால் ட்விலைட் சோனின் 156 எபிசோடில் ராட் செர்லிங் எழுதியதும் 92தான்.) ஐந்தாவது சீசன் கிடைக்குமா என்று தெரியாததால் பெரிய போர்களை எல்லாம் நாலாவது சீசனிலேயே அவசரமாகக் கொட்டி முடித்தார்கள், கடைசியில் ஐந்தாவதும் கிடைத்தது, சொல்வதற்குத்தான் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. இதை எழுத்தாளரின் தவறாக எண்ணுவதா, சேனல் செய்த வேலையாக எண்ணுவதா? நான் திரையில் இருப்பதற்குத்தான் மார்க் போடுகிறேன், காரணம் எனக்குத் தெரிந்திருந்தாலும்.

வரிசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பன் தந்த பென் டிரைவிலிருந்து ஃபயர்ஃப்ளையைப் பார்த்தபோது, இவர்கள் எல்லாம் யார், இந்தப் பெண்ணை ஏன் ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று எதுவுமே விளங்காமல் நாலு எபிசோடு ஓட்டினேன். பிறகுதான் தெரிந்தது, 2002இல் ஃபாக்ஸ் சேனல் ஒளிபரப்பிய வரிசையிலேயே ஃபைல்களுக்கு எண் போட்டிருக்கிறார்கள். ஃபாக்ஸோ எல்லோரையும் அறிமுகப்படுத்தும் அந்த இரண்டு மணி நேர முதல் எபிசோடைக் கடைசியாக, டிசம்பர் 20 அன்று போட்டது. எடுத்த பதினாலில் பதினொன்றைத்தான் போட்டது. "செரினிட்டி" என்ற அந்த எபிசோடில் தொடங்குங்கள். டார்க்கை ஜெர்மன் மொழியிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள், டப்பிங் வேண்டாம், பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு யார் யாருக்குப் பிள்ளை என்று எழுதிக்கொண்டே வாருங்கள். 26 எபிசோடுதான், ஆனால் நடுவில் போனை நோண்டினால் ஒரு தலைமுறையே கைநழுவிப் போகும்.

மார்க்குக்கு எத்தனை கட்டம்

ஒரே மார்க் போடாதீர்கள். நான் ஆறு கட்டம் வைத்திருக்கிறேன்: யோசனை, மனிதர்கள், அந்த உலகம் தன் விதிகளுக்குக் கட்டுப்படுகிறதா, உச்சத்தில் எவ்வளவு நன்றாக இருந்தது, சராசரி வாரத்தில் எப்படி இருந்தது, முடிவு. கிராபிக்ஸுக்குக் கட்டம் கிடையாது. அதை வைத்தால் போன வருஷம் வந்த தொடர்தான் எப்போதும் ஜெயிக்கும். பணம் இல்லாததே நல்ல யோசனைக்குக் காரணமான கதைகளும் உண்டு. பழைய ஸ்டார் ட்ரெக்கில் வாரா வாரம் விண்கலத்தைத் தரையில் இறக்கிக் காட்டக் காசு கட்டாது என்பதால்தான் ஆட்களை ஒளியாகக் கரைத்துக் கீழே அனுப்பும் கருவி வந்தது. 1966இல் டாக்டர் ஹூவின் முதல் நாயகன் வில்லியம் ஹார்ட்னெல் உடல்நிலை சரியில்லாமல் விலக வேண்டிவந்தபோது, அந்தப் பாத்திரம் உடலையே மாற்றிக்கொள்ளும் ஜீவன் என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு சமாளிப்பில்தான் தொடர் இன்றுவரை பிழைத்திருக்கிறது.

உலகம் என்ற கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் தி எக்ஸ்பேன்ஸைக் காட்டுவேன். சீரீஸ் என்ற குறுங்கோளைக் குடைந்து, அதைச் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியில் கிடைக்கும் செயற்கை ஈர்ப்பில் மக்கள் வாழ்கிறார்கள். மில்லர் என்ற போலீஸ்காரன் கிளாஸில் சாராயம் ஊற்றுகிறான், அது நேராக விழாமல் ஒரு பக்கமாக வளைந்து விழுகிறது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. இன்னொரு இடத்தில் ஒரு சின்னப் பறவை சோம்பேறித்தனமாக எப்போதாவது ஒருமுறை சிறகடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கிறது, அந்த ஈர்ப்புக்கு அவ்வளவு போதும். விண்கலங்களோ விமானம் மாதிரி இல்லாமல் அடுக்குமாடிக் கட்டடம் மாதிரி, என்ஜின் அடியில், மாடிகள் அதன் மேல். என்ஜின் தள்ளும்போதுதான் தரை என்று ஒன்று இருக்கும், அணைத்தால் மிதப்பார்கள், இல்லையென்றால் காந்த பூட்ஸ். இதையெல்லாம் பாடம் நடத்தாமல் போகிற போக்கில் காட்டுவதற்குத்தான் பத்துக்குப் பத்து. (அவசரலா என்று தெலுங்குக் குடும்பப் பெயரோடு, புடவை கட்டிக்கொண்டு, கெட்ட வார்த்தை சரளமாகப் பேசி ஐ.நா.வையே ஆட்டிவைக்கும் ஓர் அம்மா இதில் வருகிறார், அவருக்கும் சேர்த்துத்தான் அந்தப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்களேன்.)

ட்விலைட் சோன், பிளாக் மிரர் மாதிரி எபிசோடுக்கு எபிசோடு கதையே வேறாக இருப்பவற்றுக்கு மனிதர்கள், முடிவு என்ற இரண்டு கட்டமும் பொருந்தாது. காலியாக விட்டுவிட்டு மிச்சம் நாலின் சராசரியை எடுங்கள், பூஜ்யம் போட்டுவிடாதீர்கள்.

முடிவுக்கு எவ்வளவு கனம் கொடுப்பது என்பதில்தான் எங்கள் வீட்டில் சண்டை அதிகம். வாரம் ஒரு கதை சொல்லும் தொடரில் கடைசி எபிசோடு சொதப்பினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. "பதில் வரும், காத்திரு" என்று ஆறு வருஷம் இழுத்த லாஸ்ட் மாதிரித் தொடரில் அந்தப் பதில் திருப்தியாக இல்லையென்றால் போட்ட கடனுக்கு வட்டியோடு கழிக்க வேண்டும். பேட்டில்ஸ்டார் கேலக்டிகா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் "33" என்ற எபிசோடைப் பாருங்கள்: சரியாக 33 நிமிடத்துக்கு ஒருமுறை எதிரி வந்து நிற்கிறான், ஐந்து நாளுக்கு மேலாக யாரும் தூங்கவில்லை, ஜனாதிபதியின் பின்னால் ஒரு வெள்ளைப் பலகையில் மனித இனத்தில் உயிரோடு மிச்சமிருப்பவர்களின் எண்ணிக்கை. அது குறைந்துகொண்டே வருகிறது. கடைசியில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வர, ஜனாதிபதி அம்மா எழுந்துபோய் தன் கையால் அழித்து எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி எழுதுகிறார். இப்படித் தொடங்கிய தொடர் 2009இல் முடிந்த விதம் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. அதற்காக அந்தப் பலகையை மறந்துவிட முடியுமா? ஆகவே தொடர்கதைக்கு முடிவு மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு, வாரம் ஒரு கதை சொல்லும் தொடருக்குப் பத்தில் ஒரு பங்கு என்று வைத்திருக்கிறேன். சித்தி மகன் பாதி என்கிறான். அவன் லாஸ்டைப் பார்த்துக் காயப்பட்டவன்.

பதினாலும் நூற்றெழுபத்தெட்டும்

சரி, அந்தக் கேள்விக்கு வருவோம். ஃபயர்ஃப்ளை ஒரு சீசன், என் மார்க் 9.5. நெக்ஸ்ட் ஜெனரேஷனின் ஏழு சீசனுக்கும் தனித்தனியாக நான் போட்டது 5, 6.5, 9, 9, 9, 8.5, 7.5. சராசரி கிட்டத்தட்ட 7.8. அப்படியே விட்டால் ஃபயர்ஃப்ளை ஊதித் தள்ளிவிடும். ஆனால் அது கெட்டுப்போக வாய்ப்பே கிடைக்காத தொடர், கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளைக்கு மார்க் போடுவது மாதிரி.

இதற்கு ஒரு எளிய தந்திரம் உண்டு. நாலே நாலு பேர் ரிவ்யூ எழுதிய ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் என்றால் நாம் நம்புவதில்லை அல்லவா? புள்ளியியல்காரர்கள் அப்படிப்பட்ட எண்ணைப் பொதுச் சராசரியை நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிடுவார்கள். தகவல் குறைவாக இருந்தால் இழுப்பு அதிகம், நிறைய இருந்தால் இழுப்பு தெரியவே தெரியாது. நாமும் அதைச் செய்யலாம்: எல்லாத் தொடருக்கும் சுமாரான இரண்டு கற்பனை சீசனைச் சேர்த்துவிடுங்கள். நான் பார்த்த எல்லா சீசன்களின் சராசரி 6.5, எனவே சேர்ப்பது 6.5, 6.5.

ஃபயர்ஃப்ளை: 9.5 கூட்டல் 13, வகுத்தல் 3. 7.5.
நெக்ஸ்ட் ஜெனரேஷன்: 54.5 கூட்டல் 13, வகுத்தல் 9. அதுவும் 7.5!

இவ்வளவு கணக்குப் போட்டுக் கடைசியில் சமம் என்று வந்ததும் சித்தி மகன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கோ அது சரியான விடை என்றுதான் பட்டது. எண்ணால் தீர்க்க முடியாததை எண் தீர்க்கவில்லை, அவ்வளவுதான். அங்கேதான் அடுத்த வேலை தொடங்குகிறது.

ஜோடி ஜோடியாக மோதவிடுங்கள்

எண்கள் தோராயமாக அடுக்கித் தரும். பக்கத்துப் பக்கத்தில் நிற்பவற்றை நேருக்கு நேர் கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். இருபது தொடருக்கும் எல்லா ஜோடியும் என்றால் 190 மோதல், யாருக்கும் பொறுமை இருக்காது. பட்டியல் ஏற்கெனவே அடுக்கியிருந்தால் புதிதாக வரும் ஒன்றை நடுவில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். ஜெயித்தால் மேல்பாதியின் நடு, தோற்றால் கீழ்பாதியின் நடு. அதிகபட்சம் ஐந்து கேள்வியில் இடம் தெரிந்துவிடும்.

கேள்வியை மட்டும் மாற்றாமல் கேளுங்கள். "எது சிறந்தது" என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அர்த்தத்தில் பதில் சொல்வோம். என் கேள்வி பழைய டாக்டர் ஹூவின் கதியிலிருந்து எடுத்தது: இந்த இரண்டில் ஒன்றின் டேப்பை இன்றைக்கு அழித்தே ஆக வேண்டும், எதை விடுவாய்? ஃபயர்ஃப்ளையா நெக்ஸ்ட் ஜெனரேஷனா என்று இப்படிக் கேட்டபோது எனக்கு யோசிக்க நேரமே எடுக்கவில்லை, ரைக்கர் அந்த ஸ்விட்சை அணைக்கும் காட்சியை என்னால் விட முடியாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பயப்படாதீர்கள். உலகத்துக்காக எக்ஸ்பேன்ஸ் கேலக்டிகாவை ஜெயித்தது. பதற்றத்துக்காக கேலக்டிகா டீப் ஸ்பேஸ் நைனை ஜெயித்தது. மனிதர்களுக்காக டீப் ஸ்பேஸ் நைன் எக்ஸ்பேன்ஸை ஜெயித்துவிட்டது. நாய் தன் வாலையே துரத்துகிற மாதிரி. இது உங்கள் புத்திக் குறைவு இல்லை. வாக்கெடுப்புகளில் இப்படி வட்டம் விழும் என்று 18ஆம் நூற்றாண்டிலேயே காண்டார்செட் என்ற பிரெஞ்சு அறிஞர் காட்டிவிட்டார். வட்டம் விழுந்தால் மூன்றையும் ஒரே படியில் உட்காரவையுங்கள். 1, 2, 3 என்று எண் போட்டே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கூட்டாகப் போடும்போது

நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து போடுகிறீர்கள், முதலிடத்துக்கு 10 புள்ளி, பத்தாவதுக்கு 1 என்று. பாபிலோன் 5ஐப் பார்த்தவர்கள் இரண்டே பேர், இருவரும் இரண்டாவது இடம் தருகிறார்கள், மொத்தம் 18. எல்லோரும் பார்த்த ஒரு சுமாரான தொடருக்கு ஐந்து பேரும் ஆறாவது இடம் தருகிறார்கள், 25. சுமார் ஜெயித்துவிட்டது. பார்க்காதவனின் பூஜ்யமும் பிடிக்காதவனின் பூஜ்யமும் ஒன்றில்லை. பார்த்தவர்களின் சராசரியை மட்டும் எடுங்கள், மூன்று பேராவது பார்த்திருந்தால்தான் பட்டியலில் சேர்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது ஆளைப் பார்க்கவைக்க மற்ற இரண்டு பேரும் கெஞ்சுவதுதான் இந்த விளையாட்டின் பாதி சுகம்.

விருதுகளை ரேங்குக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள், சாம்பிள் எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஹியூகோ விருது தனி எபிசோடுகளுக்குக் கிடைப்பதால் அதற்குத் தோதானது: பழைய ஸ்டார் ட்ரெக்கில் "தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்", நெக்ஸ்ட் ஜெனரேஷனில் "தி இன்னர் லைட்", டாக்டர் ஹூவில் "பிளிங்க்", மேலே சொன்ன "33" எல்லாமே வாங்கியவை. முன்கதை தெரியாமலே இவற்றைப் பார்க்கலாம். "பிளிங்க்" பார்த்த அன்று சிலைகள் இருக்கும் பூங்கா பக்கம் போகாதீர்கள், அவ்வளவுதான்.

முக்கியத்துவத்தையும் தனிப் பட்டியலாக்குங்கள். ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்து மூன்றாவது சீசனை வாங்கிக்கொடுத்த பழைய ஸ்டார் ட்ரெக் இல்லாமல் பின்னால் வந்த பாதித் தொடர்கள் இல்லை. ஆனால் அப்படி வாங்கிக்கொடுத்த அந்த மூன்றாவது சீசனில் பல எபிசோடுகளை உட்கார்ந்து பார்க்க முடியாது. இரண்டும் உண்மை, இரண்டையும் ஒரே கட்டத்தில் திணித்தால் இரண்டும் பொய்யாகிவிடும். அதே ரசிகர் வேலை 2018இலும் நடந்தது, மூன்று சீசனோடு நிறுத்தப்பட்ட எக்ஸ்பேன்ஸுக்காக அமேசான் ஸ்டூடியோவுக்கு மேலே பேனர் கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டார்கள், இன்னும் மூன்று சீசன் கிடைத்தது.

இப்போதைக்கு என் பட்டியல்

முதல் படியில் அந்த மூன்றும்: எக்ஸ்பேன்ஸ், கேலக்டிகா, டீப் ஸ்பேஸ் நைன். எக்ஸ்பேன்ஸின் மூல நாவல் வரிசை தொடர் முடிந்த இடத்தைத் தாண்டி இன்னும் மூன்று புத்தகம் போகிறது, அதற்காக முடிவுக் கட்டத்தில் கழித்தும் அது இறங்க மறுக்கிறது.

நாலாவது ட்விலைட் சோன். 1959இல் தொடங்கிய கறுப்பு வெள்ளைத் தொடர் இவ்வளவு மேலே எப்படி என்று கேட்பவர்கள் அரை மணி நேர எபிசோடுகளில் எதையாவது ஒன்றைப் பார்த்துவிட்டு வரவும். நாலாவது சீசனை மட்டும் தவிர்க்கலாம், அதில் ஒரு மணி நேரமாக நீட்டி இழுத்துவிட்டார்கள். ஐந்தாவது நெக்ஸ்ட் ஜெனரேஷன். ஆறாவது டார்க், மூன்றே சீசனில் போட்ட முடிச்சுகளைத் தானே அவிழ்த்துவிட்டுப் போன தொடர் என்பதால் முடிவுக் கட்டத்தில் நிறைய வாங்கியது. ஏழாவது ஆண்டோர், மேலே எழுதியிருக்கும் விதிவிலக்கோடு. எட்டு ஃபயர்ஃப்ளை, ஒன்பது பாபிலோன் 5.

பத்தாவது இடத்தில் நான் எக்ஸ்-ஃபைல்ஸ் எழுதியிருக்கிறேன். போன வாரம் ஷீட்டைத் திறந்தால் அந்தக் கட்டத்தில் ஃப்ரிஞ்ச் என்று மாறியிருக்கிறது. எடிட் பர்மிஷன் கொடுத்தது தப்புதான்.